முதல் பந்தி யாருக்கு?

ஒரு சின்னக் கேள்வி. பதில் சொல்ல உங்களுக்குப் பத்து விநாடி தருகிறேன்.

2008 மார்ச் மாதம். ஐ.பி.எல்.லில் இன்னும் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. மலேசியாவில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை ஜெயித்துவிட்டு நம் பையன்கள் அப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறார்கள். தோனி, டெண்டுல்கர் மாதிரி பெரிய தலைகள் யார் யாருக்கு என்பது முந்தைய மாதமே முடிவாகிவிட்டது. இந்தப் பொடியன்களுக்கு மட்டும் ஏலம் வேண்டாம், ஒவ்வோர் அணியும் வரிசையாக வந்து ஆளைப் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. முதல் வாய்ப்பு டெல்லிக்கு. கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டனோ டெல்லிப் பையன். நீங்கள் டெல்லி அணியின் மேஜையில் உட்கார்ந்திருந்தால் யாரை எடுப்பீர்கள்?

'இதென்ன கேள்வி ஸார், விராட் கோலியைத்தான்!' என்கிறீர்களா?

டெல்லி அவரை எடுக்கவில்லை. அதே உலகக் கோப்பை அணியிலிருந்த பிரதீப் சங்வான் என்கிற இடது கை வேகப்பந்து வீச்சாளரை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ஆட்டம் தொடங்கிய நாள் முதல் ஒரே அணியில் ஆடி, 2025-ல் அந்த அணிக்கு முதல் கோப்பை கிடைத்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். சங்வான் பல அணிகளுக்கு ஆடினார். இந்திய அணியில் மட்டும் இடம் கிடைக்கவில்லை.

இப்போது சிரிப்பது சுலபம். ஆனால் அன்றைய டெல்லிக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். சேவாக், கம்பீர், தவான், டிவில்லியர்ஸ், தில்ஷன் என்று மட்டை பிடிக்க வரிசையில் நிற்கிறார்கள். இன்னொரு பேட்ஸ்மேனை எங்கே உட்கார வைப்பது? பந்து வீச மெக்ராத் இருக்கிறார், ஆனால் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஏற்கெனவே ஓய்வு பெற்றவர். சங்வானோ சில மாதங்களுக்கு முன் ரஞ்சிக் கோப்பையை வென்ற டெல்லி அணியில் இருந்த பையன். இல்லாததை வாங்குவது தானே புத்திசாலித்தனம்? மளிகைக் கடைக்குப் போகிற எந்தக் குடும்பஸ்தரும் அப்படித்தான் செய்வார். வீட்டில் அரிசி மூட்டை இருக்கும்போது பருப்பைத்தான் வாங்குவார்.

ஆளை எடுப்பதில் இரண்டு கட்சி உண்டு. 'நமக்கு எது தேவையோ அதை எடு' என்பது ஒன்று. 'இருப்பதில் எது உசத்தியோ அதை எடு, தேவையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பது இன்னொன்று. இந்தச் சண்டைக்கு வயது தொண்ணூறு. ஆரம்பித்த இடம் அமெரிக்கா.

அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவார்களே, அது. 1930-களில் இதற்குக் கல்லூரிகளில்தான் மவுசு. தொழில்முறை அணிகள் திண்டாடிக்கொண்டிருந்தன. கல்லூரியை விட்டு வெளியே வரும் நல்ல ஆட்டக்காரன் எங்கே போவான்? காசும் பெயரும் உள்ள அணிக்குத்தான். சிகாகோவும் நியூயார்க்கும் ஜெயித்துக்கொண்டே இருக்க, தோற்கிற அணி தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்கிற அணியைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்?

பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் சொந்தக்காரர் பெர்ட் பெல் இப்படி நொந்துபோனவர்களில் ஒருவர். 1935-ல் சக முதலாளிகளிடம் ஒரு யோசனை சொன்னார். கல்லூரி முடிக்கும் ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுதி வைப்போம். போன வருஷம் கடைசியாக வந்த அணி முதலில் ஒருவரை எடுக்கட்டும். கடைசிக்கு முந்தின அணி அடுத்து. ஜெயித்த அணி கடைசியில். ஒருவர் எடுத்த ஆளிடம் மற்றவர்கள் பேரம் பேசக் கூடாது.

நம்மூரில் 'பந்திக்கு முந்து' என்பார்கள். பெல் சொன்னது, இளைத்தவனை முதல் பந்தியில் உட்கார வை என்பது. ஆச்சரியம், பணக்கார அணிகளும் ஒப்புக்கொண்டன. எதிராளி நோஞ்சானாகவே இருந்தால் தங்கள் கல்லாவும் நிறையாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிராஃப்ட். பேங்கில் ஃபாரம் எழுதிக் கொடுத்து வாங்குவோமே, அந்த டிராஃப்ட் இல்லை. ஆளெடுப்பு.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8-ல், பிலடெல்ஃபியாவின் ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டலில் நடந்தது. ஒன்பது அணிகள். கரும்பலகையில் தொண்ணூறு பெயர்கள். முதல் வாய்ப்பு, கடைசி இடத்தில் இருந்த பெல்லின் அணிக்கே. அவர் எடுத்த பெயர் ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழக மாணவர், அந்த வருஷத்தின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கியவர். அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் இந்தப் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆரூடம் நூற்றுக்கு நூறு பலித்த டிராஃப்ட் அது.

பெர்வாங்கர் என்ன செய்தார் தெரியுமா? ஆடவே வரவில்லை! அவரை எடுக்கும் உரிமையைப் பெல் சிகாகோ பியர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார். பெர்வாங்கர் இரண்டு வருஷத்துக்கு 25,000 டாலர் கேட்டார். பியர்ஸ் முதலாளி ஜார்ஜ் ஹாலஸ் முடியாது என்றார். பையன் 'சரி, வருகிறேன்' என்று வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அந்த வேலை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நம் ஒரகடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

*

ஆளெடுப்பு வந்ததும் கூடவே ஆரூடமும் வந்தது. எந்த அணி யாரை எடுக்கும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவது அமெரிக்காவில் இன்று ஒரு தனித் தொழில். பால்டிமோர்காரரான மெல் கைப்பர் என்பவர் 1984 முதல் தொலைக்காட்சியில் இதைச் சொல்லிச் சொல்லியே நட்சத்திரமாகிவிட்டார். ஒரு பந்துகூடப் போடாத, ஒருவர் பெயரைப் படிக்க இன்னொருவர் கைதட்டும் அந்த நிகழ்ச்சியை லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நம்மூர் ஐ.பி.எல். ஏலத்தை ஆபீஸ் வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கிற ஆசாமிகளுக்கு இது புரியும்.

ஆரூடத்தில் ஒரு சிக்கல் உண்டு. முதல் அணி யாரை எடுக்கும் என்பதில் நீங்கள் தவறினால் இரண்டாவது தவறும், அது மூன்றாவதைக் கெடுக்கும். சீட்டுக்கட்டு வீடு மாதிரி. நடுவில் இரண்டு அணிகள் தங்கள் வரிசை எண்ணை மாற்றிக்கொண்டால் போச்சு, மொத்தக் கணக்கும் குப்பைக் கூடைக்கு. இந்த மாற்றத்துக்கும் விலைப்பட்டியல் உண்டு. 1991-ல் டல்லஸ் கௌபாய்ஸ் அணியில் ஒன்று தயாரித்தார்கள். முதல் இடம் 3,000 புள்ளி, இரண்டாவது 2,600 என்று இறங்கிக்கொண்டே போகும். என்னைப் போல பி.காம். படித்தவர்களுக்கு அதைப் பார்த்தால் கண் கலங்கும். மனிதனைத் தேய்மானத்தோடு கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள்!

யார் எடுக்கப்படுவார் என்பது ஒரு கேள்வி. எடுக்கப்பட்டவர் தேறுவாரா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான பதில் சொன்னவர்கள்கூட இரண்டாவதில் குப்புற விழுந்திருக்கிறார்கள்.

ஆராய்ந்து பார்க்காமலா எடுக்கிறார்கள்? எல்லாம் ஆராய்கிறார்கள். ஓடச் சொல்லி விநாடி எண்ணுகிறார்கள், தாண்டச் சொல்லி அளக்கிறார்கள். பல வருஷங்களுக்கு வொண்டர்லிக் என்று ஓர் ஆப்டிட்யூட் டெஸ்ட்கூட வைத்தார்கள். பன்னிரண்டு நிமிஷம், ஐம்பது கேள்வி. வேலைக்கு ஆள் எடுப்பதற்கென்று 1936-ல், அதாவது முதல் டிராஃப்ட் நடந்த அதே வருஷம், வந்த பரீட்சை அது. ஆபீஸிலும் தொழிற்சாலையிலும் ஆள் பொறுக்கப் பயன்பட்டதைக் கொண்டுபோய்ப் பந்து விளையாடுகிறவனுக்கு வைத்தார்கள். 2022-ல்தான் கைவிட்டார்கள்.

இத்தனை சல்லடையில் சலித்தும் என்ன ஆனது? 2000-ஆம் வருஷ டிராஃப்டில் டாம் பிராடி என்கிற பையன் எடுக்கப்பட்டது 199-வது ஆளாக. அவர் ஆடும் அதே இடத்துக்கு, அவருக்கு முன்னால் ஆறு பேர் எடுக்கப்பட்டார்கள். பிராடி பிற்பாடு ஏழு முறை சாம்பியன் அணியில் இருந்தார். 1998-ல் இதற்கு நேர் எதிர்க் கதை. பேட்டன் மானிங்கா, ரயன் லீஃபா என்று நாடே விவாதித்தது. மானிங் முதலிடம், லீஃப் இரண்டாமிடம். மானிங் சரித்திரமானார். லீஃப் நான்கே வருஷத்தில் ஆட்டத்தை விட்டே போனார்.

பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலரும், கேட் மாசி என்பவரும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தேலர் பிற்பாடு, 2017-ல், நோபல் வாங்கியவர். ஒரே இடத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்களை எடுக்கப்பட்ட வரிசையில் அடுக்குங்கள். முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆட எத்தனை வாய்ப்பு? 52 சதவிகிதம்!

காசைச் சுண்டிப் போட்டால் 50. அத்தனை கோடி செலவு, அத்தனை நிபுணர்கள், அத்தனை அளவு நாடா... கூடுதலாகக் கிடைத்தது இரண்டு சதவிகிதம்.

அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் கல்லாப்பெட்டியைப் பற்றியது. முதலில் எடுக்கப்படுகிறவர் சராசரியாக நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் லாபம் இல்லை. கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பவர்கள் கொஞ்சம் பின்னால், இரண்டாம் சுற்று வாக்கில் எடுக்கப்பட்டவர்கள். 2010-ல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஒப்பந்தம் 7 கோடியே 80 லட்சம் டாலர். ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னால்! முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டினார்கள். 2011-ல் முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர்தான்.

நம்மூர்ப் பையன்களையும் இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன். 2017 ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம், பஞ்சாப் எடுத்தது 3 கோடிக்கு. அந்த வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மறு வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. விலை விழுந்த அந்த நடராஜன்தான் 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என்று மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடினார். ஆர்க்கிடெக்ட் படித்த வருண் சக்கரவர்த்தி 2018 டிசம்பரில் 8 கோடியே 40 லட்சத்துக்குப் போனார். அந்த வருஷம் அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். கொல்கத்தா அதில் பாதிக்கும் குறைவான விலையில், 4 கோடிக்கு எடுத்தது. 2025-ல் சாம்பியன்ஸ் டிராஃபி வென்ற இந்திய அணியில் அவர் முக்கியமான பந்துவீச்சாளர்.

ஆள் அதே ஆள். மாறியது விலைச்சீட்டு மட்டும்.

*

'கிரிக்கெட்டு, ஃபுட்பால் எல்லாம் சரி, எனக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? இருங்கள். உங்கள் வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை இருந்தால், இந்த டிராஃப்ட் உங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அதற்குப் பெயர் கேம்பஸ் இன்டர்வியூ.

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். 1996-ல் ஹூண்டாய் வந்து அஸ்திவாரம் போட்டது, 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இந்தச் சாலைகளைச் சுற்றியும் வழியிலும் இன்ஜினீயரிங் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் முளைத்தன. ஒரு பக்கம் ஆள் தயாராகிறது, இன்னொரு பக்கம் ஆள் வேண்டியிருக்கிறது. நடுவில் ஆளெடுப்பு.

விதிகளைப் பாருங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் இத்தனை சதவிகிதம். அரியர் இருக்கக் கூடாது. ஆப்டிட்யூட் டெஸ்ட். குரூப் டிஸ்கஷன். கடைசியில் ஹெச்.ஆர். அறை. அமெரிக்காவில் ஓடச் சொல்லி அளந்தார்களே, அதேதான். டிராக் மட்டும் இல்லை.

ஆனால் ஓர் இடத்தில் நாம் பெர்ட் பெல்லைத் தலைகீழாக நிறுத்திவிட்டோம். அங்கே இளைத்த அணிக்கு முதல் பந்தி. இங்கே? யார் அதிகச் சம்பளம் தருகிறாரோ அவருக்கு முதல் நாள். அடுத்த சம்பளக்காரருக்கு இரண்டாம் நாள். திருமுடிவாக்கத்திலோ அம்பத்தூரிலோ ஷெட் போட்டு, நாலு சி.என்.சி. மெஷினை வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனிக்கு பார்ட்ஸ் சப்ளை பண்ணுகிற வெண்டார் இருக்கிறாரே, அவர் முறை வரும்போது இலையில் ஊறுகாய்தான் மிச்சம். 'ஒரு மாணவருக்கு ஒரு வேலை' என்று சில கல்லூரிகள் விதி வைத்திருப்பது ஒன்றுதான் கொஞ்சம் சமன் செய்கிறது. அதிலும் 'ட்ரீம் கம்பெனி' வந்தால் விதிவிலக்கு!

கல்லூரியைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் நாள் பெரிய பெயர் வந்தால்தான் மறு வருஷம் நோட்டீஸில் போட முடியும். அட்மிஷன் நடக்கும். அணிகளுக்குத் தெரிந்தது கல்லூரிகளுக்கும் தெரியும். அரங்கம் நிறைய வேண்டும்.

பெல்லின் முறையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அது அணிகளுக்குத்தான் நியாயம். ஆட்டக்காரனுக்கு இல்லை. உன்னை யார் எடுத்தாரோ அவரிடம் மட்டும்தான் பேரம் என்றால், சம்பளத்தை யார் முடிவு செய்வார்? வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால் விலை எப்போதும் குறைவுதான். காமர்ஸ் வகுப்பில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்த பாடம். பெர்வாங்கர் கேட்டதை ஹாலஸ் துணிந்து மறுத்ததன் ரகசியமும் அதுதான்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஒரு வியாதி உண்டு. எடுக்கப்பட்ட வரிசையை மதிப்பெண் என்று நினைத்துக்கொள்வது. முதல் நாளே ஆஃபர் லெட்டர் வாங்கிய பையனின் அப்பா கல்யாண வீட்டில் நிமிர்ந்து உட்காருகிறார். மார்ச் மாதம் வரை கிடைக்காத பெண்ணின் அம்மா, 'ப்ளேஸ்மென்ட் ஆச்சா?' என்ற கேள்விக்கு பயந்து கல்யாணத்துக்கே போவதில்லை. இருபத்தொரு வயசுப் பிள்ளையின் காதில் 'உன்னை யாரும் எடுக்கலை' என்கிற வாக்கியம் விழுந்துவிடுகிறது. அது லேசில் வெளியே போகாது.

எடுக்கப்பட்டவர்கள் கதையையும் பாருங்கள். 2006-க்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா யூனிஃபார்ம் என்றால் தனி மரியாதை. பிளஸ் டூ, டிப்ளமா முடித்த ஆயிரக்கணக்கான பெண்களும் பையன்களும் அங்கே வேலைக்குப் போனார்கள். வீட்டில் முதல் மாதச் சம்பளம், முதல் பேங்க் அக்கவுன்ட். உலகின் நம்பர் ஒன் செல்போன் கம்பெனி. இதைவிடப் பாதுகாப்பான அணி எது? 2013-ல் நோக்கியா தன் செல்போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக அறிவித்தது. வரித் தகராறில் சிக்கியிருந்த சென்னைத் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014-ல் ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். நவம்பர் 1-ல் தொழிற்சாலை நின்றது. முப்பது வயதுகூட ஆகாதவர்களுக்கு 'விருப்ப ஓய்வு'! ஆரூடம் சொன்ன யாருடைய பட்டியலிலும் இது இல்லை. பிற்பாடு அதே இடத்தை சால்காம்ப் என்கிற கம்பெனி எடுத்துக்கொண்டது, செல்போன் சார்ஜர் தயாரிக்க.

அதனால் கேம்பஸில் தேர்வாவது வீண் என்று சொல்ல வரவில்லை. கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டுக்கு அந்த லெட்டர் எத்தனை பெரிய மூச்சு என்பது எனக்கும் தெரியும். கிடைத்தால் கொண்டாடுங்கள், பாயசம் வையுங்கள். கிடைக்கவில்லை என்றால், தேலரின் 52-ஐப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அடுத்தடுத்து நின்ற இருவரில் யார் உசத்தி என்று கோடி கோடியாய்ச் செலவழிக்கிறவர்களுக்கே தெரியவில்லை. அரை நாளில் நாற்பது பேரைப் பார்த்துவிட்டுப் போகிற ஹெச்.ஆர்.காரருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

சரி, பெர்வாங்கர்? சரித்திரத்தில் முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, போக மறுத்தவர். ஃபோம் ரப்பர் விற்கிற சேல்ஸ்மேன் வேலைக்குப் போனார். பத்திரிகையில் விளையாட்டுப் பத்தியும் எழுதினார். அப்புறம் சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அவர் தயாரித்தது என்ன தெரியுமா? கார் கதவுக்கும் டிக்கிக்கும் ஓட்டுகிற ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகள்! அதில் நன்றாகச் சம்பாதித்து, 2002-ல் 88 வயதில் காலமானார்.

நம்மூர் பாஷையில் சொன்னால், ஒரு வெண்டார். கடைசிப் பந்தியில் உட்காருகிறாரே, அவர்தான்.